சேற்றுக்குழியை மூடியவள்

மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செபஸ்தியம்மாள் அதிகம் பேசாதவள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே பாதைதான். அதன் ஓடைத் திருப்பத்தில் மழைக்காலம் முழுவதும் ஒரு சேற்றுக்குழி கிடக்கும். அதைச் சபிக்காத குடும்பம் அங்கே இல்லை. அந்தக் குழிக்காகவே ஜீப் போட்டி நடத்த வந்தவர்களும் உண்டு.

2007 ஐப்பசியில், மதுரையிலிருந்து சுந்தர்ராஜ் என்பவர் தலைமையில், பெரிய டயர் பூட்டிய ஜீப்புகள் வந்தன. சேறு போதாதென்று ஓடைநீரையும் குழிக்குள் திருப்பிவிட்டார்கள். அன்றுதான் செபஸ்தியம்மாளின் மகள் அருள்செல்விக்குப் பிரசவ வலி கண்டது. தாயையும் மகளையும் ஏற்றிவந்த ராக்கையாவின் வாடகை ஜீப் அந்தக் கூட்டத்தின் பின்னால் நின்றது.

“சார், உள்ள புள்ளத்தாச்சி துடிக்குது. வழி விடுங்க.”

“கொஞ்சம் பொறுப்பா. வண்டி குழிக்குள்ள இருக்கு, டைம் ஓடுது,” என்றார் சுந்தர்ராஜ்.

ஒரு வண்டி ஏறியதும் அடுத்தது இறங்கியது. விசிலும் கைதட்டலும் ஓயவில்லை. ஒருவழியாக வழி கிடைத்தபோது, ஆழமாகிப்போன குழியில் ராக்கையாவின் ஜீப் புதைந்தது. ஆண் குழந்தை வண்டிக்குள்ளேயே பிறந்தது, அழவில்லை.

வழியற்ற இடத்தில் வண்டி ஓட்டுவது திறமைதான். ஆனால், வேறொருவரின் ஆஸ்பத்திரி வழியை மறித்துக்கொண்டு காட்டும் திறமைக்கு என்ன மதிப்பு?

செபஸ்தியம்மாள் யாரிடமும் முறையிடவில்லை. மறு ஆண்டு, போட்டிக்காரர்கள் லைனில் வடை சுடும் ஜக்கம்மாவிடம் போட்டி நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மாலையே செபஸ்தியம்மாள், இடிந்த பழைய லைன் வீட்டின் கருங்கற்களைச் சுமந்துவந்து குழியில் போடத் தொடங்கினாள்.

“ஏ ஆத்தா, கிறுக்குப் புடிச்சிருச்சா? அவுக வந்தாத்தான எனக்கு நாலு வடை விக்கும்!” என்றாள் ஜக்கம்மா.

“போன வருசமுந்தான் வித்த. எம் பேரன் மூச்சில்லாமக் கெடந்தப்ப நீ சட்னி ஊத்திக்கிட்டு நின்ன.”

 மறுநாள் மாலை ஜக்கம்மாவும் ஒரு கல்லோடு வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ராக்கையா சரளை கொண்டுவந்து பரப்பி, ஓடைநீர் ஒதுங்க வாய்க்கால் வெட்டினான்.

போட்டி நாளில் ஜீப்புகள் திருப்பத்தைக் குலுங்காமல் கடந்து, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சுந்தர்ராஜ் இறங்கிவந்தார். ஓரத்தில் நின்ற செபஸ்தியம்மாளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“இங்க இருந்த சேறு எங்கம்மா? அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!”

“மூடிட்டோம் சார்.”

ஒருவன் கேமராவைப் பைக்குள் வைத்தான். சுந்தர்ராஜின் முகம் தொங்கிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் அத்தனை கல்லும் சுமந்திருந்தாள். கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“விடுங்கப்பா, மலையில வேற சேறா இல்ல?” என்று அவர் வண்டியில் ஏறினார்.

செபஸ்தியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கன போறீகன்னு சொல்லிட்டுப் போங்க சார். கல்லு இன்னும் மிச்சமிருக்கு.”