பள்ளம் விழாத பாதிச் சாலை

எதையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் படப்பை போகும் என்று சொன்னாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். வீட்டில் இதனால் எனக்குக் கெட்ட பெயர். ஆராய்ச்சிக்கு இது நல்ல குணம் என்று, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில் என் கைடு சொன்னார். பிறகு அவரே அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

என் ஆராய்ச்சி மண்ணுக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் வலையைப் பற்றியது. ஜியோகிரிட் என்பார்கள். கறுப்பாக, கட்டம் கட்டமாக, விறைப்பாக இருக்கும். களிமண் மேல் அதை விரித்து, ஜல்லி கொட்டி இறுக்கினால், மேலே லாரி போகும்போது வலை இழுபட்டுக் கனத்தைத் தாங்கிக்கொள்ளும். சக்கரம் போன தடத்தில் பள்ளம் விழுவது குறையும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நிஜத்தில் எப்படி என்று பார்க்க, ஒரகடத்தில் ஒரு லாரி யார்டுக்குள் எங்களுக்கு ஒரு துண்டுச் சாலை போட இடம் கொடுத்தார்கள். முன்பு ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம் அது. நாலு தூறல் விழுந்தாலே களிமண் ஊறிப்போகும்.

கேட்டிலிருந்து உள்ளே போகும்போது முதல் பாதி வெறும் ஜல்லிச் சாலை. அடுத்த பாதியில் ஜல்லிக்கு அடியில் வலை. அதில் ஒட்டிய சென்சார்களின் ஒயர்கள் சாலை ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்கு வந்து சேரும். வாராவாரம் காலையில் போய், வலை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அந்தப் பெட்டியில் பார்த்து வருவது என் வேலை.

சில மாதங்களில் முதல் பாதி குண்டும் குழியுமாகிவிட்டது. வலை போட்ட பாதியோ, போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. கைடுக்கு வாயெல்லாம் பல். யார்டு முழுக்க இதையே போட்டுவிடலாம் என்று நிர்வாகம் பேச ஆரம்பித்தது. வலையை இலவசமாகக் கொடுத்த கம்பெனிக்காரர் கைடின் அறைக்கு அடிக்கடி வந்து போனார். என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சிரிப்பை விடுங்கள், சென்சார் கணக்கும் இடித்தது. வலை இழுபட்டால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இங்கே வலை கிட்டத்தட்ட சும்மா கிடந்தது. ஷிஃப்டுக்கே வராத ஆளின் பெயரில் ஓ.டி. போட்டிருப்பது போல, ஒன்றும் செய்யாத வலைக்கு எல்லாப் பெருமையும் போய்க்கொண்டிருந்தது. கைடிடம் போய் நின்றேன்.

"சார், ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கு."

"அதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

"வலை வேலையே செய்யல சார். அப்புறம் எப்படி ரோடு நல்லா இருக்கு?"

"சென்சார்ல ஏதாவது கோளாறா இருக்கும். நீ தீசிஸ் எழுதுற வழியப் பாரு."

சென்சார்களைச் சோதித்தேன், ஒரு கோளாறும் இல்லை. எனக்குத் தூக்கம் போனது. பட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் பேச்சை நம்பி ஒரு யார்டு முழுக்கச் சாலை போடப்போகிறார்கள். அதில் பொய் இருந்தால் அது என் பெயரில் போட்ட பொய்.

எனக்குச் சந்தேகம் சாலையைப் போட்ட காண்ட்ராக்டர் மேல் திரும்பியது. பென்னலூர்க்காரர், நடுவயது. வலை ஜெயித்தால் மொத்த யார்டு வேலையும் அவருக்கு. வலை போட்ட பாதியில் யாருக்கும் தெரியாமல் கூடுதலாக ஜல்லி கொட்டியிருப்பார், கம்பெனிக்காரரும் இதற்குக் கூட்டு என்று முடிவு கட்டினேன். நேராகவே கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ? ஜல்லிய கம்மியா போட்டுட்டேன்னு என்னிய புடிச்சவங்க இருக்காங்க. அதிகமா போட்டுட்டேன்னு புடிக்கிற மொத ஆளு நீதான்."

"அப்ப தோண்டிப் பாக்கலாமா?"

"தோண்டு. நல்லா தோண்டு. மூடுற செலவு உங்க காலேஜுது."

தோண்டினோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இரண்டு பாதியிலும் ஜல்லி ஒரே கனம். வலை எங்கும் கிழியாமல், சுருங்காமல், விரித்தபடியே கிடந்தது. அவர் டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. திருடன் இருப்பது நிச்சயம், ஆள் மட்டும் சிக்கவில்லை.

அந்த வாரம் காலையில் கல்லூரியில் வேலை இருந்ததால் மதியத்துக்கு மேல் யார்டுக்குப் போனேன். கேட்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நின்றிருந்தது. நனைந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறிக்குங்க மேடம். ஆபீஸ்தானே? உள்ள வுட்டுடறேன்."

ஏறிக்கொண்டேன். வண்டி முதல் பாதியில் குலுங்கிக் குலுங்கிப் போனது. வலை போட்ட பாதி தொடங்கும் இடத்தில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, பக்கத்தில் லாரிகள் நிறுத்தும் கல்தரையில் இறக்கினார்.

"ஏன் சுத்திப் போறீங்க? அந்த ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"அதான் மேடம் டவுட்டே. அந்தப் பொட்டி கீது பாருங்க, அதுக்கு அடியில வெயிட் மெஷின் பொதச்சி வச்சிக்கீறாங்க. ஒரு பொண்ணு வாராவாரம் வந்து, ஓவர்லோடு வண்டிய குறிச்சினு போது. காலேஜ்னு சொல்லிக்குதாம். ஆர்டிஓ ஆளு."

"யார் சொன்னது?"

"எல்லா டிரைவருக்கும் தெரியும். லோடு இருந்தா சுத்தினு பூடுவோம். காலி வண்டின்னா அது மேலயே போவோம், இன்னா வோணா எழுதிக்கட்டும்."

கல்தரையில் சக்கரத் தடம் பதியாது. சுருள் வண்டிகள் வருவது மதியத்துக்கு மேல், நான் வருவது காலையில். கேட்டில் எண்ணிய வண்டிகள் எல்லாம் என் வலை மேல் ஏறியதாகவே நான் கணக்கு வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் பொறாமைதான் வந்தது. சந்தேகப்படுவதில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். இவர்கள் என்னையே சந்தேகப்பட்டு, அதை ஒரு வழக்கமாகவே ஆக்கியிருந்தார்கள்.

இறங்கியதும் நேராகப் பெட்டியிடம் போய் அதைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால், டிரைவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

இது கல்லூரி ஆராய்ச்சி, எடை மெஷின் இல்லை என்று ஒரு போர்டு வைக்கலாம் என்றார் கைடு. காண்ட்ராக்டரிடம் சொன்னேன்.

"ஆர்டிஓக்காரன்தாம்மா அப்படி போர்டு வைப்பான்," என்றார் அவர்.

கடைசியில் அவரே ஒயர்களைக் குழாய்க்குள் விட்டு, மண்ணுக்கடியில் இழுத்து, பெட்டியை வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். முதல் பாதியின் குழிகளையும் நிரப்பிச் சமன் செய்து கொடுத்தார். அடுத்து வந்த சுருள் வண்டி, பெட்டி இருந்த இடத்தில் தயங்கி நின்றது. அப்புறம் நேராக வலை போட்ட பாதியில் ஏறியது. பள்ளம் விழு, கொஞ்சமாவது விழு என்று சாலையை மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். தன் ஆராய்ச்சி தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் எங்கள் துறையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பாதியிலும் பள்ளம் விழுந்தது. வலையும் நன்றாக இழுபட ஆரம்பித்திருந்தது. வெறும் ஜல்லிப் பாதியின் பள்ளத்தில் என் கை மணிக்கட்டு வரை போனது. வலை போட்ட பாதியில் பாதி விரல்தான் போனது. அங்கேயே உட்கார்ந்து கைடுக்கு போன் செய்தேன்.

"சார், வலைப் பாதியிலயும் பள்ளம் விழுந்துடுச்சு."

"அப்ப பழைய ரிசல்ட்?"

"தூக்கிப் போட்டுடலாம் சார். திரும்ப முதல்லேருந்து எழுதறேன்."

"அழறியாம்மா?"

"இல்ல சார், சிரிக்கிறேன்."

போனை வைத்த பிறகும் பள்ளத்துக்குள் விட்ட விரலை எடுக்க மனம் வரவில்லை. அந்தச் சாலை மேல் எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.