உப்பு எரியும் நிறம்

புக்கிட் பெருவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறு மாணவர்களுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். அணு அமைப்பு வரும்போதெல்லாம் வகுப்பு தூங்கிவிடும். நான்கு குவாண்டம் எண்களைச் சொன்னால் ஓர் எலெக்ட்ரானின் முழு விலாசமும் கிடைத்துவிடும், அதே அணுவில் அதே நான்கும் இன்னொன்றுக்கு வராது என்று தொண்டை வற்றக் கத்துவேன். ஒருத்தரும் தலையைத் தூக்குவதில்லை.

இந்த வருடம் அவர்களை எழுப்ப எனக்கு அம்மா கிடைத்தார்.

முன்பு எப்போதாவது சுற்றிப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, புக்கிட் ரம்பாய் சாலையில் ஒரு லோரி என் காரை இடித்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குச் சுற்றிப்போடுவார். பழைய மைலோ டின்னில் தேங்காய் நாரை எரியவிட்டு, கைநிறைய உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, நெருப்பில் போடுவார். உப்பு படபடவென்று வெடிக்கும். தீ மஞ்சளாக எழும்பும்.

"பாத்தியா, எப்படி எரியுது? அவ்ளோ கண்ணு உன் மேல."

கார் நசுங்கியும் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதற்குக் காரணம் இந்த டின்தான் என்பது அம்மாவின் கணக்கு. நான் பேசாமல் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். மாறாக, ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கைப்பேசியில் பிடித்தேன். அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பதும் அதில் விழுந்திருந்தது.

வகுப்பில் போட்டுக் காட்டினேன். "இது கண்ணு இல்ல, சோடியம். மூன்றாவது கூட்டில் இருக்கும் கடைசி எலெக்ட்ரான் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் நிலைக்குப் போகிறது. அங்கே நிற்க முடியாமல் இறங்கும்போது வாங்கியதை ஒளியாகக் கொடுத்துவிடுகிறது. சோடியத்துக்கு அது எப்போதும் இதே மஞ்சள்தான்." வகுப்பே சிரித்தது. சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் கொண்டுபோனேன். போதாதென்று அதே விளக்கத்தோடு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். படித்த திமிர், வேறென்ன.

ஒரு மாணவியின் தாய் கோயிலில் அம்மாவைப் பிடித்து, உங்கள் மகள் அருமையாக விளக்கியிருக்கிறாள் என்று பாராட்டி, அந்த வீடியோவையும் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் நின்றபடியே கேட்டார்.

"அந்த மஞ்சக் கலரு எல்லாருக்கும் அப்படித்தான் வருமா?"

"ஆமாம்மா. உப்புல சோடியம் இருக்குலா."

"யாரையும் சுத்தாம சும்மா போட்டாலும்?"

"வரும்."

சரியான பதில். தேர்வில் முழு மதிப்பெண் கொடுப்பேன். சொன்ன நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா கோபப்படவில்லை, அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டின் வெளியே வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன். "மன்னிச்சிரும்மா. வீடியோவ அழிச்சிட்டேன். எனக்குச் சுத்திப்போடுங்க."

"உன் மேல கோவம்லாம் இல்லம்மா. சும்மா எரியிற உப்புன்னு தெரிஞ்சிருச்சு. இனிமே எப்படி நம்பிச் சுத்துறது?"

அம்மாவின் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது வகுப்பு முடிந்து என் கார் வரும்வரை வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நிற்கிறார்.