அத்தை நட்ட ஏலச்செடி

றொசல்லவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்கு அத்தை வந்து சேர்ந்தபோது ஒரு துணிப்பையும், ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கிழங்கும்தான் கொண்டுவந்தாள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தூரத்தில், காட்டை ஒட்டிய ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே மரநிழலில் விளையும் ஏலக்காயைப் பறிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை நிறைய வளையல். வலது கை வீங்கியிருந்தது, ஒரு வளையல்கூட இல்லை. "எங்க அத்தை மத்த வளையல்?" என்று கேட்டேன். அம்மா என்னைத் தண்ணீர் எடுக்க விரட்டிவிட்டாள்.

அப்பா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, "புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும். ஞாயித்துக்கெழம நானே கொண்டுபோயி விடுறேன்" என்றார். அத்தை அழுவாள் என்று பார்த்தேன். அவளோ அதற்குள் லயத்துக்குப் பின்னால், ஓடையோரம், பலாமர நிழலில் கிழங்கை நட்டுவிட்டிருந்தாள்.

"ஏலம் நட்டிருக்கேண்ணே. மொதக் காய மாரியம்மனுக்கு வக்கிறதா நேந்துக்கிட்டேன். வச்சிட்டு மறுநாளே போயிர்றேன்."

அப்பா யாரை வேண்டுமானாலும் எதிர்ப்பார், மாரியம்மனை எதிர்க்கமாட்டார். நேர்த்தி பாதியில் நிற்கப் பெண்ணை அனுப்பிவைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர். "சரி, காய்க்கட்டும்" என்றுவிட்டார்.

செடி மளமளவென்று வளர்ந்தது. எங்கள் தோட்டத்தில் யாருமே ஏலச்செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனாலேயே ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. இலையைக் கசக்கி மோந்துவிட்டு ஏலம்தான் என்று சத்தியம் செய்தார்கள் சிலர். ஓடை நெடுக உச்சியில் வெள்ளைப் பூ பூத்து நிற்கும் காட்டு இஞ்சிதான் இது என்றார்கள் சிலர். பூத்தால் தெரிந்துவிடும் என்று முடிவானது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் கழுத்தை நிமிர்த்தி உச்சியைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அத்தையின் புருஷனான மாமாவும் அப்படித்தான் பார்ப்பார். அவர் லொறி டிரைவர், ஏலக்காயை மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறார். மாதம் ஒருமுறை மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டு வருவார், எனக்கு டொபியும் தருவார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே செடியிடம் போய் அண்ணாந்து நிற்பார். மாமா வருகிற நாளில் அத்தை குசினியை விட்டு வெளியே வரமாட்டாள். எனக்கோ பெரிய சங்கடம். டொபிக்காக மாமா வரவேண்டும், பக்கத்தில் படுத்துக் கதை சொல்லும் அத்தை போகக்கூடாது. செடி பூக்கவும் பூக்காமலிருக்கவும் ஒரே மூச்சில் சாமி கும்பிட்டேன்.

ஞாயிறு காலையில் அத்தை புல்சுரண்டியோடு செடியடியில் உட்கார்ந்துவிடுவாள். தூரைச் சுற்றி ஒரு புல் பூண்டு இருக்காது. புல்வெட்டுக் கங்காணியான அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. "பாருங்கடா, மண்ணு எப்படி இருக்குன்னு. என் தங்கச்சி வேல!" என்று தன் ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார்.

ஒரு நாள், தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாக ஓடிய கயிறு போன்ற ஒன்றை அவள் இழுத்து அறுத்தாள். அதில் ஊதாக் கோடு போட்ட குட்டி வெள்ளைப் பூக்கள்.

"பூ அத்தை!"

"போடி, இது புல்லு. ஏலப்பூ மேலதான் வரும்."

ஒன்றைக் கிள்ளி என் காதில் செருகினாள். அழகு பார்த்துச் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சட்டென்று உருவி ஓடையில் போட்டுவிட்டாள். எனக்குக் கோபமான கோபம்.

வருஷங்கள் போயின. "மாப்ள, இது ஏலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று அப்பாவே மாமாவிடம் சொல்லிவிட்டார். "அப்ப அவள அனுப்புங்க மச்சான்." அப்பா தலையைச் சொறிந்தார். "நேர்த்தி நேர்த்திதானே மாப்ள." மாமா வருவது குறைந்து, நின்றே போனது. வேறு ஒருத்தியைக் கூட்டிவந்துவிட்டதாகக் கேள்வி. அத்தை எங்கள் தோட்டத்திலேயே பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள்.

போன மாதம் கினிகத்தேனையில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் மரநிழலில் அதே செடி. "இது என்னமோ காட்டுச்செடி, பூக்கவே பூக்காது" என்று அளந்துவிட்டேன். அவள் சிரித்தபடி குனிந்து தூரை விலக்கிக் காட்டினாள். மண்ணில் படர்ந்த கயிறுகள். ஊதாக் கோடு போட்ட பூக்கள். பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று ஏலக்காய். என்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "அத்தை, ஏலப்பூ எங்க பூக்கும்?"

அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேலதான்டி" என்றாள். பிறகு மாரியம்மன் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.