முயலுக்குச் சொன்ன பதில்

யுத்த காலத்தில் திண்டிவனம் மாட்டாஸ்பத்திரி மேசைமேல் மல்லாந்து கிடந்த வெள்ளை முயலை நினைத்தால் இன்றும் என் விரல்நுனி கூசுகிறது. அடிவயிற்று மயிரை விலக்கினேன். முலைக்காம்பின் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, கல் மாதிரி. அன்று நான் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கொண்டுவந்தவர் ஒலக்கூர்ப் பக்கத்து ரயில்வே கேட்காரரின் மனைவி. விழுப்புரத்தில் ஒரு துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன முயலாம். வாசலில் நோய் கண்ட மாடுகள் வரிசையாக நிற்க, முயலுக்கு வைத்தியமா என்று எனக்கு எரிச்சல்.

"வலிக்கலீங்க, பெருசாய்க்கினே போவுது. அறுத்து எடுத்துட்டா பொழைச்சுக்குமாங்க?" என்றார்.

முயலுக்குத் தோதான மயக்க மருந்து அன்று எங்களிடம் இல்லை. கத்தி வைத்தால் பயத்திலேயே உயிர் போய்விடும். "அறுத்தா சீக்கிரம் போயிடும்மா. விட்டுடுங்க, அது பாட்டுக்கு இருக்கும்" என்றேன்.

"விட்டா எத்தினி நாளைக்குங்க?"

"முயலு என்ன பஞ்சாங்கம் பாத்துக்கினா இருக்கும்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மெய்யாலுமே அறுக்கக் கூடாதுங்களா?" என்று மறுபடி கேட்டார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைக் கூப்பிட்டேன். முந்தானையை மார்போடு இறுக்கிக்கொண்டு அவர் தயங்கி நின்றதைப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுவருஷம் ஒலக்கூருக்கு சைக்கிளில் போனபோது அந்த கேட் சாத்தியிருந்தது. மாட்டு டாக்டர் என்று சொல்லிக்கொண்டு, முயல் எப்படி இருக்கிறது என்று கேட்காரரிடம் விசாரித்தேன்.

"முயலு நல்லாத்தான் கீதுங்க. அவதான் போன மாசம் போயிட்டா" என்றார். மாரில் கட்டியாம். வெகுநாள் மறைத்தே வைத்திருந்தாராம். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சினேன் சார். அறுத்தா சீக்கிரம் போயிடும்னு டாக்டரே சொல்லிட்டாருன்னு அதையே சொல்லிக்கினு இருந்தா. எந்த டாக்டருன்னு கேட்டா வாயத் தொறக்கல."

இப்போது பெண்கள் கூச்சத்தை விட்டுத் தாங்களே டாக்டரிடம் போய்க் காட்டுகிறார்கள். எனக்குச் சந்தோஷந்தான். நான் அன்று சொன்னது முயலுக்குச் சரிதான். ஆனால் அந்த நியாயம் எனக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

"எந்தப் பாவி சார் அப்படிச் சொல்லியிருப்பான்?" என்று அன்று கேட்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"தெரியலையே" என்றேன்.

ரயில் போனதும் கேட்டைத் திறந்தார். தண்டவாள மேட்டில் என் சைக்கிள் ஏறாமல் திணறியது. அவரே ஓடிவந்து, பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டார்.