அதே காலேஜ், அதே பெட்டி

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் இன்று காலை சட்டையோடு ஒரு ஜாங்கிரியும் கொடுத்தார். மகளுக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறதாம். "அதே காலேஜ்லயேங்க! வேற எங்கயும் போவாதம்மான்னுட்டாங்க" என்றார் பெருமையாக. இஸ்திரிப் பெட்டியின் கரிப்புகை மூக்கில் ஏற, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாரே என்று ஜாங்கிரியால் வாயை அடைத்துக்கொண்டேன்.

கரிப்புகை என்றால் எனக்குக் கரி பஸ்தான். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அது. காரிமங்கலத்தில் ஏறும் வெள்ளைச் சட்டை, மொரப்பூர் ஸ்டேஷனில் சாம்பல் நிறமாக இறங்கும். மேடு வந்தால் இறங்கித் தள்ளவும் வேண்டும். அந்த பஸ்ஸில்தான் ஜூன் மாதமானால் தகரப் பெட்டியோடு சென்னைக்குப் படிக்கப் புறப்படுவேன்.

பி.ஏ. பாஸ் பண்ணினேன். எம்.ஏ.வுக்கும் இங்கேயே இருந்துவிடு என்றார் பேராசிரியர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜூனிலும் அதே பெட்டியோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இந்த வருசமும் அதே காலேஜிங்களா?"

"ஆமாங்க."

"வுடுங்க. எங்க மச்சான் எட்டாங்கிளாஸ்லயே மூணு வருசம் குந்துனான். இப்ப தாலுக்கா ஆபீஸ்ல பியூனா டவாலி போட்டுக்கிட்டு நிக்கறான். நீங்களும் தேறிருவீங்க."

நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் மேடு வந்துவிட்டது, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் மொரப்பூரில் ரயிலேறினேன். செய்தி அதே பஸ்ஸில் அரூர் வரை போனது.

அரூரில்தான் காவேரி இருந்தாள். புளி மண்டிக்காரர் மகள், எனக்குப் பேசி வைத்திருந்த பெண். ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் நடந்தே அரூர் போயிருப்பேன்.

"பையன் மொதல்ல பாஸ் பண்ணட்டுங்க" என்று மண்டிக்காரர் சொல்லியனுப்பினார். என் அம்மா பதறிப்போய் நேரில் போய், பாஸ் பண்ணியதால்தான் மேலே படிக்கிறான் என்று சொல்லிப் பார்த்தாள்.

"பாஸானா வெளிய அனுப்பிருவாங்க இல்லீங்க? அப்பறம் ஏன் அங்கயே வெச்சிக்கிறாங்க?" என்று கேட்டாராம் அவர். இதற்கு எங்கள் பல்கலைக்கழகமே கூடினாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

இந்த நேரம் பார்த்து ஊர் திரும்பினான் சின்னசாமி. அரூர்க்காரன், என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். அவன் நிஜமாகவே பெயில். ஆனால் பெட்டி ஊருக்கு வந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாலை போட்டார்கள். மண்டிக்காரர் அவனை விருந்துக்கே அழைத்துவிட்டார்.

அது தெரிந்த நாளிலிருந்து சென்னையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நண்பன் என்றும் பாராமல் அவனைத் தனியாக உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன்.

தீபாவளி லீவுக்கு வந்தபோது, மொரப்பூர் ஸ்டேஷனில் அவனே நின்றிருந்தான்.

"விருந்துல உண்மையச் சொல்லிட்டன்டா. 'நாந்தாங்க பெயிலு, அவன் பாஸு'ன்னேன். 'என்னா அடக்கம் பாரு'ன்னு எலையில இனிப்பா இன்னொரு ஒப்பிட்டு வெச்சாரு."

"அப்பறம்?"

"அந்தப் பொண்ணு நெய் ஊத்த வந்துச்சு. 'பாஸானவரு ஊரச் சுத்திக்கிட்டுத் திரியறாரு. பெயிலானவரு வுடாம மறுபடியும் போயிப் படிக்கறாரு. எனக்கு வுடாதவரே போதுங்கப்பா'ன்னுச்சு. அப்பறம் எனக்கு நெய்யும் இல்ல, ஒப்பிட்டும் இல்ல."

ஆக, பெயிலான மாப்பிள்ளையாகவே எனக்குக் கல்யாணம் நடந்தது. பிறகு எம்.ஏ.வும் வாங்கினேன். காவேரி அதைக் கடைசி வரை முழுசாக நம்பவில்லை. சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தாலும், குடையைத் தொலைத்துவிட்டு வந்தாலும் ஒரே வசனம்தான்: "அதான் உங்கள அங்கயே குந்த வெச்சாங்க!" நான் சான்றிதழை எடுக்கப் போவேன். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கரி பஸ் யுத்தத்தோடு போயிற்று. புளி மண்டி ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. சின்னசாமியும் போய்விட்டான்.

இஸ்திரிச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரருடையது. மாற்றி வாங்கி வந்திருக்கிறேன்.

"பரவால்லைங்க மாமா, நான் மாத்திட்டு வர்றேன்" என்றாள் மருமகள், மரியாதையாக.

காவேரி போன பிறகு, இந்த வீட்டில் என்னைப் பெயில் என்று சொல்ல ஆளில்லை.