தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஒரு ராத்திரி

அம்மா பக்கவாதத்தில் விழுந்து இரண்டாவது மார்கழி அது. இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறியது. குழறுவது தனக்கே கேட்டதாலோ என்னவோ, நாளாக ஆகப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே பக்கமாகப் படுக்கவிடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியிலும்தானா என்று கேட்டேன்.

"ராத்திரிதாம்மா முக்கியம்" என்றார்.

அம்மாவைச் செங்கல்பட்டில் என் வீட்டில் வைத்துக்கொண்டோம். நான் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே பிரித்துக் காட்டி மறுபடி மடித்து வைக்கிற வேலை. என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். தங்கை மாமல்லபுரத்தை ஒட்டிக் கடலோரத்தில் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிறாள். கல்யாணம் ஒத்துவராமல் பிரிந்து வந்தவள், மாமல்லபுரத்திலேயே ஒற்றை அறையில் இருந்தாள். வாரத்தில் பாதி ராத்திரி அவள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் படுப்பாள். மீதி நான். பகலுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தோம். அக்காவும் தங்கையுமாக நாங்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசுகிற நேரத்தில்தான். கஞ்சி குடித்தாளா, மோஷன் போனாளா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, அவ்வளவுதான்.

அண்ணன் படாளத்தில் இருக்கிறார். நிலம் கொஞ்சம் உண்டு, அறுவடை மிஷின் ஒன்றை வாடகைக்கு விடுகிறார். மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவார். அம்மா காலடியில் உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்குத் துணி மாற்ற வேண்டிய நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவரைக் குறை சொல்வதற்குக்கூட எங்களுக்குத் தெம்பு இருக்கவில்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் கடையில் பட்டுப்புடவையைப் பிரித்துப் பிடித்தபடியே நின்ற வாக்கில் தூங்கிவிட்டேன். புடவை பார்க்க வந்த பெண்மணிதான் என் கையைத் தொட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"யக்கா, எங்க ரிசார்ட்டுல மரத்து மேல ரூம் கட்டிக்கீறாங்க இல்ல, புயல்ல கூரை பேந்து போச்சே, அத சரி பண்ட்டாங்க. கெஸ்ட்டு வர்றதுக்கு முன்னாடி ஸ்டாப் யாருனா ஒரு நைட்டு தங்கிப் பாத்து சொல்லுங்கன்னு மேனேஜர் சொல்றாரு. ஒழுவுதா, பூச்சி வருதான்னு. நான் தங்குறேன்னு சொல்லிட்டேன். நீயும் வா."

"அம்மாவ யாரு பாத்துக்குறது?"

"அண்ணன் பாத்துக்கட்டும்."

"அது எங்க பாக்கும்?"

"கேளு. கேக்காமலே ரெண்டு வருசம் ஓட்டிட்டோம்."

கேட்டேன். அண்ணி மகளின் பிரசவத்துக்காக வேலூர் போயிருந்தாள். அவளை அனுப்புகிறேன் என்று சொல்ல அண்ணனுக்கு வழியில்லை.

"நான் ஆம்பள, எப்புடிம்மா அம்மாக்கு...?"

"அம்மாதான, ண்ணா."

"சரி, வர்றேன்" என்றார். குரலில் அவ்வளவாக இஷ்டம் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். கஞ்சி எப்படிக் கரைப்பது, டயப்பர் எப்படிக் கட்டுவது, புரட்டும்போது தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து எப்படித் தள்ளுவது என்று எல்லாம் காட்டினேன். அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கிளம்பும்போது, "போய்ட்டு நாளைக்கு வர்றேம்மா" என்றேன். அதற்கும் கண்ணைத் திருப்பவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும். திருக்கழுக்குன்றம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மாமல்லபுரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பினார். தங்கை பஸ் ஸ்டாண்டில் யூனிபார்மோடு நின்றிருந்தாள். வெயிலில் பார்த்தபோதுதான் அவளுக்குக் காதோரம் நரைத்திருப்பது கண்ணில் பட்டது. என்னைவிட ஆறு வயது சின்னவள்.

ரிசார்ட்டின் பின்பக்கம், சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கமாக நின்றது அந்த மரம். பெரிய தூங்குமூஞ்சி மரம். கிளை பிரிகிற இடத்தில் பலகை பரப்பி, சுற்றிலும் மூங்கில் தட்டி வைத்து, மேலே கீற்று வேய்ந்திருந்தார்கள். அடிமரத்தைச் சுற்றி மரப்படி ஏறியது. பாதியில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "மொள்ளமா வா" என்று மேலிருந்து தங்கை கை நீட்டினாள்.

உள்ளே ஒரு பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, நாலு தலையணை. கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தோம்.

"ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு பெட்டு விரிக்கிறேன்க்கா. ஒண்ணுல கூடப் படுத்ததில்ல" என்றாள்.

"இன்னிக்குப் படு."

"கசங்கிடுமே" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பொழுது இறங்க இறங்க எங்களைச் சுற்றியிருந்த இலைகள் எல்லாம் ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பச்சையாக மூடியிருந்த இடத்தில் வானம் தெரிந்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பாலிருந்து கடல் சத்தம் வந்தது, அதோடு குளிரும் வந்தது. பனி இறங்கி மூங்கில் தட்டி நனைந்தது. நான் ஸ்வெட்டரின் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டேன். தங்கை காதை மூடி ஸ்கார்ப் கட்டினாள். கொண்டுவந்த எலுமிச்சம் சாதத்தைப் பிரித்தோம். ஆளுக்கு நாலு வாய் உள்ளே போயிருக்கும், அண்ணன் போன் செய்தார்.

"அந்த பவுடர் டப்பா எங்க கீதும்மா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

"கஞ்சிய துப்பிக்கினே கீது. வாயவே தொறக்கல."

"கொஞ்சம் ஆற வச்சுக் குடுண்ணா. சூடா இருந்தா துப்பும்."

மூன்றாவது தடவை அழைத்தபோது அவர் பேசுவதற்கு முன்னாலேயே அம்மாவின் சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. ஒரே சுருதியில் நீளமாக இழுக்கிற ஒரு சத்தம்.

"அம்மா அழுவுதும்மா. நான் இன்னா பண்ணட்டும்? வாசக்கதவையே பாத்துக்கினு கீது. உங்களத்தான் தேடுது போல."

தங்கை எழுந்து பையை எடுத்துவிட்டாள். "வாக்கா, போலாம்."

"எதுல போவ? பஸ்ஸு நின்னுருக்கும்."

"யார்னா வண்டிய கேக்குறேன். வாட்ச்மேன் அண்ணன் பைக் வச்சிக்கீறாரு. அம்மா தேடுதுக்கா."

"தேடட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தங்கை பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் போனில் அண்ணனிடம், "தலைய தடவிக் குடுண்ணா. பக்கத்துல படுத்துக்க. நாங்க காலைலதான் வருவோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"உனுக்கு மனசே இல்லியா?" என்றாள் தங்கை.

"இருந்துது. இப்ப தூக்கம்தான் வருது. என்னால எறங்க முடியாதுடி. இந்தப் படில எறங்கி, வண்டி ஏறி, வூட்டுக்குப் போயி, மறுபடி எழுந்து எழுந்து பாக்கறதுக்கு... இன்னிக்கு ஒரு நாளு என்னால முடியாது. நீ போறதுனா போ."

அவள் போகவில்லை. படியின் உச்சியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே வந்து கட்டிலின் அந்தக் கோடியில் படுத்தாள். போனை இரண்டு தலையணைகளுக்கும் நடுவில் வைத்தோம். அது அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. அடித்துக்கொண்டிருந்ததைவிட அது மோசமாக இருந்தது.

காற்று வரும்போதெல்லாம் மரம் அசைந்தது. லேசாகத்தான். பஸ்ஸில் போவதுபோல இருந்தது. கீற்றில் பனி சேர்ந்து எங்கேயோ சொட்டியது. ஒழுகுகிறதா என்று பார்க்கத்தானே வந்தோம், எழுந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

வழக்கமான நேரத்துக்கு உடம்பு தானாக விழித்துக்கொண்டது. கண் திறக்கவில்லை. இருட்டில் கையை நீட்டி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளிப் புரட்டினேன். உடம்பு லேசாக இருந்தது. சொன்னபடி கேட்டுப் புரண்டது. முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்துப் போர்வையை இழுத்து மூடிய பிறகுதான் அது தங்கை என்று தெரிந்தது.

அவளும் விழித்துத்தான் இருந்தாள்.

"நானும் எழுந்து உன்னத்தான் பொரட்டலாம்னு பாத்தேன். நீ முந்திக்கின" என்றாள்.

இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை, அவள் முதுகு குலுங்க ஆரம்பித்தது. நான் அவள் முதுகில் கையை வைத்தபடி கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே அவள் கேட்டாள்.

"இது எப்ப முடியும்னு உனுக்குத் தோணிக்கீதாக்கா?"

"தோணிக்கீது."

"எனுக்கும்."

அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டதே போதும் என்றிருந்தது. அவள் போர்வையில் பாதியை என் மேல் இழுத்துவிட்டாள்.

மறுபடி கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. இலைகள் விரிந்திருந்தன. ஒரு அணில் தட்டியின் மேல் உட்கார்ந்து எங்கள் எலுமிச்சம் சாதத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒருதரம்கூட எழாமல் விடியும்வரை தூங்கியிருக்கிறேன் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. உடனே போனைப் பார்த்தேன். அண்ணன் அழைக்கவே இல்லை. நான் அழைத்தேன், போன் அணைந்திருந்தது. வீட்டுக்காரரை அழைத்தேன், நைட் ஷிப்டுக்குப் போனவர் எடுக்கவில்லை.

முகம்கூடக் கழுவாமல் இறங்கினோம். முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை. இருட்டில் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டது பலித்துவிட்டதோ என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது. பஸ்ஸில் தங்கை என் கையை இறுகப் பிடித்திருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஏறி முடிய வெகுநேரம் ஆனது.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஒரே மூத்திர வாடை. கஞ்சித் தட்டு கவிழ்ந்து கிடந்தது, பவுடர் தரையெல்லாம் கொட்டியிருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தபடி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அம்மா வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. அவளுடைய நல்ல கை அண்ணன் தலைமேல் இருந்தது. எங்கள் சத்தம் கேட்டு அண்ணன் விழித்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"போன்ல சார்ஜ் போச்சு. காபி போடும்மா" என்றார்.

காபியைக் கொடுத்தேன். ஆற்றாமல் அப்படியே குடித்தார். பிறகு சொன்னார்.

"ராத்திரி ஃபுல்லா பேசிக்கினே இருந்துச்சு."

"யாரு?"

"அம்மாதான். மொதல்ல புரியல. அப்பறம் காத கிட்ட வச்சிக் கேட்டா புரியுது. சாப்டியா நைனான்னு என்னக் கேட்டுது. மிஷினுக்கு வேல வருதான்னு கேட்டுது. நெலத்துல தண்ணி நிக்குதான்னு கேட்டுது."

தங்கையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதக்கணக்காக எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவள். எங்களைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று நான் அண்ணனிடம் கேட்கவில்லை. தங்கை கேட்டாள். அண்ணன் யோசித்துப் பார்த்து, "இல்லியே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். தங்கை அம்மாவுக்குத் துணி மாற்றினாள். அண்ணன் இந்தமுறை வெளியே எழுந்து போகவில்லை. அம்மாவின் இடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு மூன்று சனிக்கிழமை வந்து ராத்திரி தங்கினார். அந்த ராத்திரிகளில் நானும் தங்கையும் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கினோம். சில நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா குழறுவது கேட்கும். என்ன பேசுகிறாள் என்று எழுந்து போய்க் கேட்க நினைப்பேன், எழுந்திருக்க முடியாது. தை பிறந்து அறுவடை தொடங்கியதும் மிஷினுக்கு வேலை வந்துவிட்டது. அண்ணன் வருவது நின்றது. போனில் மட்டும் விசாரித்தார். நாங்கள் பழையபடி வாரத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அம்மா போனாள். நான் கடையில் இருந்தேன், தங்கை ரிசார்ட்டில் இருந்தாள். பகலில் பார்த்துக்கொள்கிற பெண்தான் பக்கத்தில் இருந்தார். கடைசியாகத் தண்ணீர் கேட்டாளாம். தெளிவாகக் கேட்டாள் என்று சொன்னார். முதுகில் ஒரு புண்கூட இருக்கவில்லை. குளிப்பாட்டிய பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி எங்களைப் பாராட்டினார்கள். தங்கை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அத்தனை கூட்டத்தின் நடுவிலும் எனக்குக் கண் சொக்கியது.