பியூரிட்டன்களுக்குப் பட்டயம் கேட்ட ஸ்டெல்லா

மன்னிச்சுக்கோங்க. நான் இங்க எதுவும் எழுதினதில்ல, மத்தவங்க போட்டோவுக்கு லைக் போடறதோட சரி. இன்னைக்கு எழுதாம இருக்க முடியல.

ஸ்டெல்லா போயிட்டா.

பி.ஏ. இங்கிலீஷ்ல என்கூடப் படிச்சவ. இடுக்கியில வண்டன்மேட்டுப் பக்கம் எஸ்டேட் லயத்துல, தொழிலாளிங்க வரிசை வீட்டுல, எங்களுக்கு அடுத்த வீடு. திங்கட்கிழமை காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன ஜீப் இறக்கத்துல கவிழ்ந்துடுச்சு. மழை, மூடுபனி... மத்தவங்க காயத்தோட பிழைச்சுட்டாங்க.

நான் இப்போ பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மெசேஜ் வந்துச்சு. பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டியை மூடிட்டாங்க.

முகம் பாக்கல.

எங்க ரெண்டு வீட்டுலயும் காலேஜ் போன முதல் ஆளுங்க நாங்கதான். ஸ்டடி லீவ் விட்டா மத்த பிள்ளைங்க படிப்பாங்க, எங்க லயத்துப் பிள்ளைங்க காய் எடுக்கப் போவோம். ஏலச்செடிக்கு அடியில குனிஞ்சுக்கிட்டு புத்தகத்தை எங்க பிடிக்க?

அதனால ஸ்டெல்லா பாடத்தைப் படிச்சு, எங்க தமிழ்லயே பேசி, வாட்ஸப் குரூப்புல வாய்ஸ் போட்டுடுவா. தலைத்துண்டுக்குள்ள இயர்போனைச் சொருகிட்டு, கேட்டுக்கிட்டே காய் எடுப்போம்.

ஒரு நாள் சூப்பர்வைசர் பாத்துட்டார். "ஏட்டி, காதுல என்ன, பாட்டா?"

"இல்ல அண்ணாச்சி, அமெரிக்கா"ன்னா ஸ்டெல்லா.

அமெரிக்கன் லிட்ரேச்சர் பேப்பர்னாலே எங்களுக்குப் பயம். முதல் பாடம் பியூரிட்டனிசம். அவ வாய்ஸ் இப்படித்தான் இருந்துச்சு.

"ரொம்ப யோசிக்காதீங்கட்டி. பியூரிட்டன்னா பக்திக்காரங்க, இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தாங்க. காட்டை வெட்டினாங்க. தனக்கு ஒரு நல்ல வீடு கட்டுறதுக்கு முந்தி சபை கட்டினாங்க. விளைஞ்சா கடவுள் கிருபை, விளையலைன்னா நம்ம பாவம். நம்ம மலைக்குக் குடியேறி வந்தவங்களை நினைச்சுக்கோங்க. பட்டயம் கேட்டு நிக்காததுதான் பாக்கி."

பட்டயம்னா நிலத்துக்குக் கவர்மென்ட் தர்ற பட்டா. எங்க மலையில வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான். காய் எடுத்துக்கிட்டே கேட்டோமா... இன்டர்னல் பரீட்சையில எங்க லயத்துப் பிள்ளைங்க அத்தனை பேரும், பியூரிட்டன்கள் பட்டயம் கேட்டுப் போராடினாங்கன்னு இங்கிலீஷ்ல எழுதி வச்சுட்டோம்.

சார் மலையாளி. பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "இவங்களுக்குப் பட்டயம் கொடுத்தது ஆரு? இடுக்கி கலெக்டரா?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஸ்டெல்லா எழுந்தா. "இன்னும் கிடைக்கல சார். அப்ளிகேஷன் போட்டிருக்காங்க."

சாரே சிரிச்சுட்டார்.

அடுத்த பாடம் டிரான்சென்டென்டலிசம். "காட்டுல தனியா நின்னா மனசுக்குள்ள கடவுள் தெரிவாராம். நாம தினமும் நிக்கோமே, அட்டைப்பூச்சிதான்ட்டி தெரியுது. அதே காட்டுல பொழுது இறங்கிட்டா டார்க் ரொமான்டிசிசம். அவ்வளவுதான், போய் எழுதுங்க."

எனக்கு வகுப்புல வாய் வராது. டவுட் இருந்தா அவ காதுல சொல்வேன். அவ எழுந்து, தனக்கே புரியாத மாதிரி கேப்பா. அவளுக்குப் பதில் தெரியும்.

எங்களை எல்லாம் பாஸ் பண்ண வச்சவ, யூனிவர்சிட்டி பரீட்சையில அந்த அமெரிக்கன் பேப்பர்ல மட்டும் பெயிலாயிட்டா. முதல் கேள்விக்கே நேரம் பூராவும் எழுதிட்டாளாம். "நிறுத்த மனசு வரலட்டி..."

அடுத்த மாசம் திரும்ப எழுத இருந்தா. அதுவரைக்கும்னுதான் தோட்டத்துக்குப் போய்க்கிட்டிருந்தா.

எலிஜிங்கிற இரங்கல் பாட்டுக்கும் ஒரு வாய்ஸ் போட்டிருந்தா. பியூரிட்டன் காலத்துலயே சாவுக்குப் பாட்டு எழுதுற வழக்கம் உண்டாம். "முதல்ல அழணும். அப்புறம் செத்தவளைப் புகழணும். கடைசில ஆறுதல் சொல்லணும். நான் செத்தா அந்த ஆறுதலை விட்றாதீங்கட்டி, அதுக்குத்தான் மார்க்கு."

எனக்கு அது எழுத வரல ஸ்டெல்லா. மார்க்கைக் குறைச்சுக்கோ.

அடக்கம் முடிஞ்சு அவ அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "ஒங்கிட்ட அவ பேசினது இருக்காட்டி? ஒரே வீட்டுல கிடந்தோம், எனக்கு எதுக்கு அவ போன்ல பேசப்போறா."

ஸ்டெல்லா போன் ஜீப்போட பள்ளத்துல போச்சு, கிடைக்கல. என் பழைய போன் போன மழையில நனைஞ்சு போச்சு, அவ வாய்ஸ் எல்லாமும் அதோட. இல்லன்னு சொல்ல முடியல. "பாக்கேன் அத்தை"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

போ ஸ்டெல்லா... மெதுவா போ.

இதைக் கேக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நம்ம பழைய குரூப்புல இருந்தவங்க, அவ வாய்ஸை யாருக்காவது அனுப்பினவங்க, தயவுசெஞ்சு போனைத் தேடிப் பாருங்க. எந்தப் பாடமா இருந்தாலும் சரி, பாதியில நின்னு போனதா இருந்தாலும் சரி, எனக்கு அனுப்புங்க. அத்தைக்கு அவ பேசினா போதும்.

எலிஜி பாடம் கிடைச்சா மட்டும் அத்தைக்கு நேரா அனுப்பிடாதீங்க. அது என்கிட்ட இருக்கட்டும்.